ஓடும் சொல்: ஆங்கில ‘ரன்’னும் பலபொருள் ஒருசொல் நெறியும்



தோற்றுவாய்

ஒரு மொழியின் வளத்தைக் காட்டுக என்று கேட்டால், கற்றோர் பெரும்பாலும் அருஞ்சொற்களையே எடுத்துக்காட்டுவர். யானைக்குக் களிறு, பிடி, வேழம், கரி எனப் பல பெயர் இருப்பதைச் சொல்லுவர். பூவின் பருவங்களை அரும்பு, முகை, மலர், அலர், வீ, செம்மல் எனப் பகுத்து வழங்கியதைச் சொல்லுவர். அவை பெருமைக்குரியனவே. ஆயினும், நாள்தோறும் மொழியின் சுமையைத் தூக்குபவை அச்சொற்கள் அல்ல. போ, வா, எடு, விடு, அடி, ஓடு என்னும் ஓரெழுத்து, ஈரெழுத்துச் சொற்களே வீட்டிலும் வயலிலும் சந்தையிலும் அலுவலகத்திலும் அச்சுமையைத் தூக்கிக்கொண்டு நடக்கின்றன. அவற்றுக்குப் பெயரும் இல்லை, புகழும் இல்லை.

ஆங்கிலத்திலும் இதே நிலைதான். அம்மொழியின் மிகப் பெரிய அகராதியில் மிக நீண்ட இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் சொற்கள் மெய்யியல் சொற்களோ அறிவியல் சொற்களோ அல்ல. குழந்தை முதல் ஆண்டிலேயே கேட்டுப் பழகும் சிறு வினைகள்தாம். அவற்றுள் ‘ரன்’ என்பது ஒன்று. அச்சொல் எத்தனை பொருள்களில் வழங்குகிறது, அப்பொருள்கள் எங்கிருந்து வந்தன, அவை தமிழுக்கு வரும்போது என்ன ஆகின்றன, அதனால் தமிழ்க் கவிஞர் அறியத்தக்கது யாது என்பனவே இவ்வுரையின் பொருள்.

அகராதியாளர் பட்ட பாடு

1755இல் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையிலேயே இச்சிறு வினைகளைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டார். வருதல், போதல், எடுத்தல், வைத்தல், ஓடுதல் போன்ற எளிய வினைகளின் பொருள் எல்லையின்றித் தளர்ந்து கிடப்பதாகவும், அவற்றைப் பிடித்து நிறுத்த இயலவில்லை என்றும் அவர் கருதினார். அருஞ்சொல்லுக்குப் பொருள் எழுதுவது எளிது; ஒருவரியில் முடிந்துவிடும். அனைவரும் அறிந்த சொல்லுக்குப் பொருள் எழுதுவதே அகராதியாளரை அலைக்கழித்தது.

பின்னர், இலண்டன் மொழியியற் கழகம் 1857இல் தொடங்கிவைத்த முயற்சி, ஆக்சுபோர்டு ஆங்கில அகராதியாக உருப்பெற்றது. ஜேம்சு மர்ரே 1879இல் பதிப்பாசிரியப் பொறுப்பை ஏற்றார். முதற்பகுதி 1884இல் வெளிவந்தது. இறுதிப்பகுதி 1928இல் வெளிவந்தது. மர்ரே 1915இலேயே மறைந்துவிட்டார். அப்பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்னும் சொல்லுக்கு உரியது. 1989இல் இருபது தொகுதிகளாக வெளிவந்த இரண்டாம் பதிப்பிலும் அதுவே முதலிடம் பெற்றது. அவ்வினைக்கு 430க்கு மேற்பட்ட பொருள்கள் காட்டப்பட்டன. அகராதியைத் திருத்தி விரிக்கும் பணி அதன்பின் தொடங்கியது. 2000இல் ‘மேக்’ என்னும் சொல் ‘செட்’டை விஞ்சியது. 2007இல் ‘புட்’ அதனை விஞ்சியது. 2011இல் ‘ரன்’ முன்னே வந்தது. அதன் வினைவடிவத்திற்கு மட்டும் 645 பொருள்கள் வகுக்கப்பட்டன. அந்த ஒரு சொல்லை ஒழுங்குபடுத்த, பீட்டர் கில்லிவர் என்னும் பதிப்பாசிரியருக்கு ஒன்பது திங்கள் ஆயின.

இந்த 645 என்னும் எண்ணைக் கேட்டவர் இருவகையாக வியப்பர். ‘ஆங்கிலத்துக்கு எத்துணை வளம்!’ என்பர் சிலர். ‘ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை வேலை வாங்குவது வறுமையன்றோ!’ என்பர் வேறு சிலர். இரண்டு முடிவுகளுக்கும் அடியில் ஒரே எண்ணம் இருக்கிறது. சொல் என்பது ஒரு பெட்டி. அதனுள் பொருள்கள் அடுக்கப்பட்டுள்ளன என்பதே அவ்வெண்ணம். அது சரிதானா என்பதை அச்சொல்லின் வரலாறே காட்டும்.

நீரும் காலும் பொறியும்

‘ரன்’ செருமானிய மொழிக்குடும்பத்தின் பழஞ்சொல். அதன் உறவுச்சொற்கள் இரண்டினைச் செருமன் மொழி இன்றும் தனித்தனியே வைத்திருக்கிறது. ‘ரின்னன்’ என்பது நீர் ஒழுகுதல். ‘ரென்னன்’ என்பது விரைந்து ஓடுதல். பின்னது முன்னதன் பிறவினை வடிவாகப் பிறந்தது. அதாவது, முதலில் ஓடச்செய்தல் என்னும் பொருளில் நின்று, பிறகு ஓடுதல் என்றே ஆகிவிட்டது. தமிழில் ஓடு, ஓட்டு என நிற்கும் இணையைப் போன்றதே இவ்விணை. பழைய ஆங்கிலத்திலும் தன்வினையும் பிறவினையும் வெவ்வேறு வடிவம் பெற்றிருந்தன. காலப்போக்கில் ஒலிகள் தேய்ந்து இரண்டும் ஒரே வடிவமாயின.

இஃது ஒரு சிறிய ஒலி மாற்றம். ஆனால் அதன் விளைவு பெரிது. தமிழில் குதிரை ஓடுகிறது, வண்டிக்காரர் ஓட்டுகிறார். ஆங்கிலத்தில் குதிரையும் ‘ரன்’. உரிமையாளர் அதனைப் பந்தயத்தில் விடுவதும் ‘ரன்’. பொறி இயங்குவதும் ‘ரன்’. பொறியை இயக்குவதும் ‘ரன்’. கடை நடப்பதும் நடத்துவதும் அதுவே. தமிழ் இலக்கணம் தன்வினை, பிறவினை என இரண்டு வாயில் வைத்த இடத்தில் ஆங்கிலம் ஒரு வாயிலை வைத்தது. ஆகவே அவ்வாயில் வழியே நுழைந்த பொருள்களும் மிகுந்தன.

நீர் ஓடுதல் என்னும் பொருள் இச்சொல்லுக்குப் பின்னர் வந்த உருவகம் அன்று, தொன்மையானது. அமெரிக்காவின் சில பகுதிகளில் சிற்றோடைக்கே ‘ரன்’ என்று பெயர். 1861இலும் 1862இலும் வர்சீனியா மாநிலத்தில் உள்நாட்டுப் போர்க்களமாகிய ‘புல் ரன்’ ஓர் ஓடையின் பெயரே. தமிழிலும் ஓடை என்னும் சொல்லை ஓடு என்பதன் வழிவந்ததாகக் கொள்வர். இரு மொழிகளுக்கும் உறவில்லை. எனினும் நீரைக் கண்ட கண் ஒன்றாக இருந்திருக்கிறது.

தொழிற்புரட்சிக்குப் பின் பொறிகள் பெருகின. தொடர்வண்டியும் கடிகாரமும் நெசவுப்பொறியும் ஓடலாயின. பின்னர்க் கணிப்பொறி வந்தது. கண்ணுக்குத் தெரியாத கட்டளைத்தொகுப்பும் ஓடலாயிற்று. உடலால் ஓடுதல் என்னும் பொருள் சிறிது சிறிதாக விலகி, இடையறாது தொடர்தல் என்னும் பொருள் மேலோங்கியது. நாடகம் தொடர்ந்து நடிக்கப்பட்டால் அது ‘ரன்’. சீட்டாட்டத்தில் அடுத்தடுத்த எண்கள் அமைந்தால் அதுவும் ‘ரன்’. வங்கி முறியுமோ என்றஞ்சி மக்கள் ஒரே நாளில் பணமெடுக்க மொய்த்தால் அதுவும் ‘ரன்’.

கிரிக்கெட் விளையாட்டு இதற்கு நல்ல சான்று. இரு மட்டையாளர் இடம்மாறி ஓடினால் ஓர் ஓட்டம். அங்கே சொல்லும் காலும் ஒன்றாகவே ஓடின. பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால் நான்கு ஓட்டம் என்னும் முறை வந்தபின், மட்டையாளர் நின்ற இடத்தில் நின்றபடியே நான்கு ஓட்டம் பெறுகிறார். கால் நின்றுவிட்டது, சொல் மட்டும் ஓடுகிறது. பொதுச்சொற்களின் பொருள் வளர்ச்சி பெரும்பாலும் இவ்வாறே நிகழ்கிறது.

தமிழில் ஓடும் இடமும் ஓடாத இடமும்

தமிழின் ‘ஓடு’ம் இவ்வாறே பயணம் செய்துள்ளது. ஆறு ஓடும், காலம் ஓடும், கடிகாரம் ஓடும், பேருந்து ஓடும். உடலில் நரம்பு ஓடும். சுவரில் விரிசல் ஓடும். துயருற்றவருக்கு வேலை ஓடாது. ‘பிழைப்பு எப்படி ஓடுகிறது?’ என்று வினவுவர். திரைப்படம் ஓடும். 1944இல் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடியது. ஓரிடத்திலேயே இருந்துகொண்டு மூன்று தீபாவளி ஓடுவது சொல்லுக்கு மட்டுமே இயல்வது.

கூரை வேயும் ஓடு, நண்டின் ஓடு, துறவியின் திருவோடு ஆகியவற்றை இங்கே சேர்த்தல் ஆகாது. மூன்றாம் வேற்றுமை உருபாகிய ஓடு என்பதும் அவ்வாறே. இவை எழுத்தால் ஒத்து, பிறப்பால் வேறுபட்டவை. பல சொற்கள் ஓருருவம் பெறுதல் ஒன்று. ஒரு சொல் பல பொருள் பெறுதல் மற்றொன்று. சிறந்த அகராதிகள் முன்னதைத் தனித்தனிப் பதிவாகவும், பின்னதை ஒரே பதிவின் உட்பிரிவாகவும் காட்டும். பின்னதற்கு ‘பாலிசெமி’ என்னும் பெயரை 1897இல் வழங்கியவர் மிஷேல் பிரேயால் என்னும் பிரெஞ்சு அறிஞர்.

இனி, ஆங்கிலம் ஓட்டுகின்ற இடங்களில் தமிழ் என்ன செய்கிறது என்பதை நோக்கலாம். ஆங்கிலத்தில் மூக்கு ஓடும், தமிழில் ஒழுகும். ஆங்கிலத்தில் துணியின் சாயம் ஓடும், தமிழில் போகும். ஆங்கிலேயர் காய்ச்சலை ஓட்டுவர். தமிழருக்குக் காய்ச்சல் அடிக்கும். அங்கே எண்ணெய் ஓடி வெளியேறும், இங்கே தீரும். ஒரு குணம் அங்கே குடும்பத்தில் ஓடும்; இங்கே பரம்பரையாக வரும். நாளிதழ் அங்கே செய்தியை ஓட்டும், இங்கே வெளியிடும். அமெரிக்கர் தேர்தலில் ஓடுவர், இங்கிலாந்தினர் நிற்பர், தமிழரும் நிற்பர். ஒரே மொழி பேசும் இரு நாடுகளுள் ஒன்றில் வேட்பாளர் ஓட, மற்றொன்றில் நிற்கிறார் என்பது எண்ணத்தக்கது. வேட்பாளர் செய்யும் வேலையோ ஒன்றுதான்.

ஆக, ‘ரன்’ என்னும் ஒரு சொல்லுக்கு ஒழுகு, போ, அடி, தீர், வா, வெளியிடு, நில், நடத்து, இயக்கு எனத் தமிழில் பல சொற்கள் வேண்டியுள்ளன. ‘ஆங்கிலத்தில் ஒரு சொல் செய்யும் வேலைக்குத் தமிழில் பத்துச் சொல் தேவை’ என்று இதனைக் குறையாகச் சொல்வாரும் உளர். அவர்கள் தமிழ்ச்சொல் ஒன்றை எடுத்து ஆங்கிலத்தை நோக்கித் திரும்பினால் உண்மை விளங்கும்.

அடித்தலின் கணக்கு

‘அடி’ என்னும் வினையை எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியர் அடிக்கிறார், மணி அடிக்கிறது, காற்று அடிக்கிறது, வெயில் அடிக்கிறது, நாற்றம் அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது. சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள், ஆணி அடிக்கிறார்கள், அழைப்பிதழ் அடிக்கிறார்கள், தண்ணீர் அடிக்கிறார்கள், அரட்டை அடிக்கிறார்கள், கண் அடிக்கிறார்கள். யோகமும் அடிக்கும், சலிப்பும் அடிக்கும். ஆங்கிலத்தில் ஆசிரியருக்கு ஒரு வினை, மணிக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று, நாற்றத்துக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று என வெவ்வேறு வினைகள் வேண்டும்.

இங்கே ஒரு நியாயம் கேட்கப்பட வேண்டியுள்ளது. ‘ரன்’ 645 பொருள் தந்தால் அது வளம் என்று போற்றப்படுகிறது. ‘அடி’ பல பொருள் தந்தால் அது கொச்சை என்று ஒதுக்கப்படுகிறது. மாணவர் கட்டுரையில் ‘வெயில் அடித்தது’ என்று எழுதினால், ‘வெயில் காய்ந்தது’ அல்லது ‘வெயில் எறித்தது’ எனத் திருத்தும் வழக்கம் உண்டு. திருத்தப்பட்ட சொற்களும் நல்ல சொற்களே. ஆனால் திருத்தத்துக்குரிய குற்றம் எதுவும் முதற்சொல்லில் இல்லை. ஒரு சொல்லை மிகப் பலர் பயன்படுத்துகின்றனர் என்பதே அதன் குற்றமாகக் கருதப்படுகிறது. மிகுதியாக வழங்கும் சொற்களே மிகுதியான பொருள்களையும் பெற்றுள்ளன என்பதை 1945இல் சார்ச் சிப்பு என்னும் அமெரிக்க அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். எனவே பல பொருள் பெறுதல் ஒரு மொழிக்கு மட்டும் வாய்த்த சிறப்பும் அன்று, நோயும் அன்று. பலர் வாயில் பழகும் சொல்லுக்கு வாய்க்கும் இயல்பு அது.

தொல்காப்பியர் காட்டிய வழி

பல பொருள் தரும் சொல்லைக் கேட்பவர் எவ்வாறு மயங்காமல் அறிகிறார்? இவ்வினாவைத் தொல்காப்பியர் சொல்லதிகாரக் கிளவியாக்கத்திலேயே எழுப்பி விடை தந்துள்ளார். பலபொருள் ஒருசொல்லை அவர் இரண்டாகப் பகுக்கிறார். ஏற்கும் வினையால் பொருள் வேறுபடுவது ஒன்று. வினையால் வேறுபடாதது மற்றொன்று. முதல்வகையின் பொருளைத் தெளிய மூன்று துணைகளைக் கூறுகிறார். அவை வேறுபட்ட வினை, இனம், சார்பு என்பன.

உரையாசிரியர் இதற்கு ‘மா’ என்னும் சொல்லைக் காட்டுவர். மா பூத்தது என்றால் வினையால் மரம் என்பது விளங்கும். மாவும் மருதும் எனச் சேர்த்துச் சொன்னால் இனத்தால் மரம் என்பது விளங்கும். போர்க்கவசம் பூண்டு நிற்பவன் மாவைக் கொண்டுவரச் சொன்னால் சார்பால் குதிரை என்பது விளங்கும். மா விழுந்தது என்று மட்டும் சொன்னால் மரமும் விழும், குதிரையும் விழும்; அங்கே மாமரம் என்று வெளிப்படக் கிளந்து கூறவேண்டும். இதுவே இரண்டாம் வகை.

இன்றைய வழக்கிலிருந்தும் சான்று காட்டலாம். பாம்பு படம் எடுக்கிறது. இயக்குநர் படம் எடுக்கிறார். மாணவன் சுவரில் தொங்கிய படத்தைக் கையில் எடுக்கிறான். ‘படம்’ ஒன்று, ‘எடு’ ஒன்று. எழுவாய் மாற, இரண்டு சொற்களின் பொருளும் சேர்ந்தே மாறுகின்றன. கேட்பவர் யாரும் மயங்குவதில்லை. எடுப்பது யார் என்னும் சார்பு அவருக்கு உதவுகிறது.

ஒரு சொல்லை அதன் சேர்க்கையைக் கொண்டே அறியவேண்டும் என்னும் கொள்கையை 1957இல் வலியுறுத்தியவர் இங்கிலாந்தின் மொழியியலறிஞர் ஃபர்த். இன்றைய அகராதிக்கலைக்கும், கணிப்பொறி வழியான மொழியாய்வுக்கும் அது அடிப்படையாகக் கருதப்படுகிறது. தொல்காப்பியர் அவருக்கு முன்னோடி என்று முழங்குவது இங்கு நோக்கமன்று. வினை, இனம், சார்பு என்னும் மூன்று துணைகளும் கையில் இருக்க, பொருளைச் சொல்லின் வயிற்றுக்குள் தேடவேண்டியதில்லை என்பதே நோக்கம். ‘ரன்’ 645 பொருள்களைச் சுமக்கவில்லை. ஆறு, மூக்கு, சாயம், கடை, வங்கி, வேட்பாளர் எனத் தன்னுடன் நிற்கும் சொல் எதுவாயினும் அதற்கு இடம் கொடுக்கிறது. அகராதியில் எண்ணப்பட்டவை அச்சொல் பழகிய துணைகளின் வகைகளே.

நிகண்டும் அகராதியும்

தமிழர் இத்தகைய சொற்களை எண்ணியும் வைத்தனர். தொல்காப்பிய உரியியல் ‘கடி’ என்னும் உரிச்சொல்லுக்குக் காப்பு, கூர்மை, புதுமை, விரைவு, அச்சம் முதலாகப் பத்துப் பொருள் கூறி, மேலும் ஐயம், கரிப்பு என இரண்டும் சேர்க்கிறது. ஆகப் பன்னிரண்டு. பின்வந்த நன்னூல் அதே சொல்லுக்குப் பதின்மூன்று பொருள் கூறுகிறது. ஆயினும் ஒன்று கூடியது என்று மட்டும் கொள்ளலாகாது. முன்தேற்று, ஐயம் என்னும் இரண்டும் விடப்பட்டுள்ளன. விரை, ஆர்த்தல், மன்றல் என்னும் மூன்றும் புதியனவாய்ச் சேர்ந்துள்ளன. ஆக்சுபோர்டு அகராதி செய்த திருத்தப்பணியும் இத்தகையதே. வழக்கு மாறும்போது கணக்கும் மாறுகிறது.

திவாகரமும் சூடாமணியும் பதினோராம் தொகுதியை ஒருசொல் பல்பொருளுக்கென்றே ஒதுக்கின. சூடாமணியின் அத்தொகுதி திண்ணைப்பள்ளி மாணவர் மனப்பாடம் செய்த பகுதி. இவற்றுள் பெயர்ச்சொற்களே பெரும்பாலும் இடம்பெற்றன. செய்யுள் வடிவில் பொருள்களை அடுக்க முடிந்ததேயன்றி, அவை வழங்கும் சூழலைக் காட்ட இடமில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இலக்கிய மேற்கோள்களைத் தந்தது. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இன்றைய உரைநடை வழக்கிலிருந்து எடுத்துக்காட்டுத் தொடர்களைத் தந்தது. 2008இலும் 2020இலும் விரிவுபெற்றது. பொருளை அடுக்குவதிலிருந்து சூழலைக் காட்டுவதற்கு வந்த இப்பாதையே பலபொருள் ஒருசொல்லை அறியும் நேரிய பாதை.

மொழிபெயர்ப்பில் நேரும் இழப்பு

இந்நெறியை மறந்தால் நேரும் இழப்பு கற்பனையன்று. ஆங்கிலத்தின் ‘டேக்’ என்னும் சொல்லுக்கு ‘எடு’ என்று ஒரு நிகர் வைத்துக்கொண்டு, அது வரும் இடமெல்லாம் ‘எடு’ என்றே எழுதும் பழக்கம் பரவியுள்ளது. குளித்தவர் ‘குளியல் எடுத்தார்’ ஆகிறார். மருந்து உண்டவர் ‘மருந்து எடுத்தார்’ ஆகிறார். ‘நேரம் ஆகும்’ என்பது ‘நேரம் எடுக்கும்’ என்றாகிறது. இவற்றுட் சில நிலைத்துவிட்டன. வழக்கில் நிலைத்ததைக் கடிந்து பயனில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் உண், குடி, ஆகு, செய் என்னும் தமிழ் வினை ஒன்று தன் இடத்தை இழக்கிறது. இடம் இழந்த சொல் துணை இழக்கிறது. துணை இழந்த சொல் பொருளும் இழக்கிறது.

எண்ணெய் தீர்ந்தது என்னும் எளிய தொடரை நோக்குக. கணக்கு தீரும்; வழக்கு தீரும்; பசி தீரும்; நோய் தீரும்; ஐயம் தீரும். தீர்தல் என்பதில் முடிவும் உண்டு, விடுதலையும் உண்டு. விளக்கில் எண்ணெய் தீர்ந்தது என்னும்போது இவையெல்லாம் தொலைவில் நின்று ஒலிக்கின்றன. ஆங்கிலத்தில் அதே நிகழ்ச்சிக்கு ஓடிப்போதலின் ஒலி உண்டு. இரண்டும் அழகே. ஒன்றின் ஒலியை மற்றொன்றில் தேடுவதுதான் பிழை. ஆகவே மொழிபெயர்ப்பாளர் பெயர்க்கவேண்டுவது சொல்லையன்று. சொல் நிற்கும் கூட்டத்தை.

கவிஞர்க்குரியது

கவிதைக்கு இந்நெறி மிகவும் இன்றியமையாதது. சொல்லின் பல பொருளைக் கவிஞர் இருவகையில் ஆளலாம். ஒன்று சிலேடை. காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே பாடலில் வைத்துப் பாடினார். அங்கே இரண்டு பொருளும் சமமாக முன்நிற்கும். கேட்போர் கண்டுபிடித்து மகிழ்வர். மற்றொன்று, ஒரு பொருள் முன்னே நிற்க, ஏனைய பொருள்கள் பின்னே நிழலாடும்படி சொல்வது. வில்லியம் எம்ப்சன் என்னும் ஆங்கிலத் திறனாய்வாளர் 1951இல் வெளியிட்ட தம் நூலில், சேக்சுபியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகத்தில் ‘ஆனஸ்ட்’ என்னும் சொல்லும் அதன் பண்புப்பெயரும் வரும் 52 இடங்களை ஆராய்ந்தார். உண்மையுடைமை, கற்புடைமை, ஒளிவுமறைவின்மை எனப் பல பொருளில் அன்று வழங்கிய அச்சொல், வஞ்சகன் இயாகோவுக்கே அடைமொழியாகி நாடகம் முழுதும் உலவுகிறது. ஒத்தெல்லோவின் அழிவு அந்தப் பொதுச்சொல்லைப் பற்றிக்கொண்டே நடக்கிறது. அதற்கு அருஞ்சொல் எதுவும் தேவைப்படவில்லை.

தமிழில் ‘காய்’ என்னும் வினை அத்தகைய ஆற்றல் உடையது. வெயில் காய்கிறது, நிலவும் காய்கிறது. துணி காய்கிறது, பயிர் காய்கிறது, வயிறு காய்கிறது. நெருப்பருகே அமர்ந்தவர் குளிர் காய்கிறார். சுடுவதும், குளிர்ந்த ஒளி வீசுவதும், உலர்வதும், பசியால் வாடுவதும் ஒரு சொல்லில் அண்டைவீடுகளாக உள்ளன. உலை வைக்காத வீட்டின் முற்றத்தில் நிலவு காய்கிறது என்று ஒருவர் எழுதினால், பசி என்னும் சொல்லை அவர் எழுதவேண்டியதில்லை. ‘நிலவு ஒளிர்கிறது’ என்று திருத்தினால் முற்றம் அழகாகும், வயிறு மறைந்துபோகும்.

இளங்கவிஞர் பலர், பொதுச்சொல் தேய்ந்துவிட்டது என்று கருதி அதனைக் கைவிடுகின்றனர். சிலர் நிகண்டுக்குள் புகுந்து வழக்கொழிந்த சொல்லை எடுக்கின்றனர். சிலர் ஆங்கிலத் தொடரைத் தமிழெழுத்தில் வார்க்கின்றனர். அருஞ்சொல்லுக்குத் துணைகள் குறைவு. அது தனியே மின்னிவிட்டு நின்றுவிடும். வார்த்த தொடருக்குத் தமிழில் துணையே இல்லை. தேய்ந்தது சொல் அன்று. அதன் பழகிய சேர்க்கைதான். துணையை மாற்றினால் பழைய சொல்லே புதிய பொருள் தரும். அதற்கு முதலில் அதன் பழைய துணைகள் அனைத்தையும் கவிஞர் அறிந்திருத்தல் வேண்டும்.

நிறைவாக

மர்ரேயின் அகராதி ஒருவர் அறையில் உருவானதன்று. அவர் விடுத்த வேண்டுகோளை ஏற்றுத் தன்னார்வலர் பலர் நூல்களைப் படித்து, ஒவ்வொரு சொல்லும் வரும் தொடரைத் தனித்தாளில் எழுதி அஞ்சலில் அனுப்பினர். அத்தாள்களின் குவியலிலிருந்தே பொருள்கள் பிரித்து அடுக்கப்பட்டன. பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டம் அத்தகைய பணி ஒன்றைச் சிறிய அளவில் மேற்கொள்ளலாம். திங்களுக்கு ஒரு பொதுவினை: ஓடு, அடி, காய், தீர், விடு, கட்டு. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊரிலும் தம் தொழிலிலும் அவ்வினை வழங்கும் தொடர்களைப் பத்து எழுதிக் கொணர்ந்து படிக்கலாம். நெசவாளர் வீட்டில் ஓடுவது வேறு. உழவர் வயலில் ஓடுவது வேறு. அச்சகத்தில் ஓடுவது வேறு. ஓராண்டில் பன்னிரண்டு வினைகளின் துணைகள் திரண்டிருக்கும்.

அத்தாள்கள் அகராதியாளருக்கும் உதவும்; மொழிபெயர்ப்பாளருக்கும் உதவும். அடுத்த கவிதையை எழுத அமரும் உறுப்பினருக்கு அவை இன்னும் மிகுதியாக உதவும்.